அறுக்காதீர்கள், வழியுங்கள்

கேள்வி: பி.டி.எஸ். முடித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக ஒரு தாலுகா ஊரில் சிறிய கிளினிக் நடத்துகிறேன். பல் கிளீன் செய்ய வருகிற எல்லோருக்கும், வேலை முடிந்ததும் பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற ஃப்ளாஸ் நூலை பிளாஸ்டிக் பல் மாடலில் விட்டுக் காட்டுகிறேன். கேட்டுக்கொள்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், ஒரு டப்பாவும் வாங்கிப் போகிறார்கள். ஆறு மாதம் கழித்து வந்தால் பல் இடுக்கில் அதே வீக்கம், அதே ரத்தக்கசிவு. சிலர், “நூல் விட்டுத்தான் டாக்டர் ஈறு புண்ணாச்சு” என்று என் மேலேயே பழியைப் போடுகிறார்கள். போன வாரம் ஒருவர், ஃப்ளாஸ் தேவையில்லை என்று அமெரிக்க அரசே சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டினார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் சொல்லித்தரும் விதம் தப்பா, இல்லை நம் ஆட்களுக்கு இது ஒத்துவராதா?

பதில்: அன்புள்ள டாக்டரம்மா,

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது ‘தலையாட்டுகிறார்கள்’ என்ற சொல்லில்தான். நம் ஊரில் டாக்டர் முன்னால் ஆடும் தலைக்கு ‘புரிந்தது’ என்று பொருள் கிடையாது. ‘சரி, ஆளை விடுங்கள்’ என்று பொருள். அவர் இடத்தில் இருந்து பாருங்கள். முக்கால் மணி நேரம் வாயைத் திறந்தபடி படுத்திருந்திருக்கிறார். தாடை வலிக்கிறது. பல் சுரண்டுகிற ஸ்கேலர் கருவியின் சத்தம் இன்னும் காதுக்குள் ஓடுகிறது. பில் எவ்வளவு வரும் என்ற யோசனை ஒரு பக்கம், நாலே முக்கால் பஸ் போய்விடுமே என்ற கவலை ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்து நீங்கள் பிளாஸ்டிக் பல்லை எடுத்து வித்தை காட்டினால், பாவம், தலையாட்டாமல் என்ன செய்வார்?

பக்கத்து வீட்டு அக்கா கோலம் போடுவதை வருஷக்கணக்காகப் பார்த்திருப்போம். முதல் முறை நம் விரலிடுக்கில் மாவை எடுக்கும்போது கோடு கோணலாகத்தான் விழும். நூல் விடுவதும் அப்படி விரல் பழக வேண்டிய வேலை. நீங்கள் சொல்லும் விஷயத்தில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். கற்றுக்கொள்ள வேண்டியவர் அவர்; நூலோ கடைசி வரை உங்கள் கையிலேயே இருக்கிறது.

இதை நான் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. கிளினிக் தொடங்கிய புதிதில் எனக்கும் ஒரு மாடல் இருந்தது, மனப்பாடமாக ஒரு பிரசங்கமும் இருந்தது. அதில் நானே மெச்சிக்கொண்ட ஓர் உவமை வேறு. “குளித்துவிட்டுத் துண்டை முதுகுக்குப் பின்னால் போட்டு இரண்டு கையாலும் இழுத்துத் துவட்டுகிறோம் இல்லையா, அதே மாதிரி நூலால் பல்லைச் சுற்றிப் பிடித்துத் துடைக்க வேண்டும்” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும்.

ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். இரண்டு வாரம் கழித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். கோரைப்பல்லுக்கும் அதற்கு அடுத்த பல்லுக்கும் நடுவில் ஈறு மேலிருந்து கீழாகப் பிளந்து, கத்தியால் கீறிய மாதிரி ஒரு கோடு. “நீங்க சொன்ன மாதிரிதான் சார் செஞ்சேன்” என்று நூலை எடுத்து என் எதிரிலேயே செய்து காட்டினார். துண்டால் முதுகு துவட்டுவது போலவே இடமும் வலமுமாக இழுத்தார், ரம்பம் ஓட்டுகிற மாதிரி. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. துண்டு பக்கவாட்டில்தானே ஓடும்! நான் மனத்தில் வைத்திருந்தது துண்டு முதுகைச் சுற்றிப் படிகிற வளைவை. அவர் எடுத்துக்கொண்டது அது ஓடுகிற ஓட்டத்தை. உங்கள் நோயாளிகள் “நூல் விட்டு ஈறு புண்ணாச்சு” என்கிறார்களே, அதில் பாதிப் பேராவது இந்த வாத்தியாரின் உறவுக்காரர்களாக இருப்பார்கள்.

அன்றோடு துண்டை விட்டேன். அதன் பிறகு ஒரே வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: வழிப்பது. இட்லி மாவுப் பாத்திரத்தைக் கையால் வழிக்கும்போது விரல் பாத்திரத்தின் வளைவோடு ஒட்டிக்கொண்டு கீழிருந்து மேலே வருகிறது. பாத்திரத்தை யாரும் அறுப்பதில்லை. ஆண்களிடம் சவரத்தைச் சொல்கிறேன். முகம் வழிக்கிற பிளேடை நேராக இழுத்தால் முடி போகும், பக்கவாட்டில் இழுத்தால் தோல் போகும். இதற்குமேல் விளக்கவே வேண்டியதில்லை. ‘சி வடிவம்’ என்று நமக்குக் கல்லூரியில் சொல்லித்தந்ததை நோயாளியிடம் சொன்னால் அவர் ஆங்கில எழுத்தை நினைத்துக்கொண்டு போவார். ‘பல்லைக் கட்டிப் பிடித்து வழியுங்கள்’ என்றால் கை தானாக வளைகிறது.

அளவு விஷயத்திலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. நூல் சுமார் 45 சென்டிமீட்டர் வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. நான் ‘பதினெட்டு அங்குலம்’ என்றும் ‘ஒன்றரை அடி’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும் எல்லோரும் ஒரு சாண் நூலை வெட்டி, அதை விரலில் சுற்றவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒருநாள் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா ஒருவர் ஈறு வீக்கத்துக்காக வந்தார். நூலை அவர் கையில் கொடுத்து, ஒன்றரை அடி எடுங்கள் என்றேன். டப்பாவிலிருந்து உருவி, முழங்கையில் ஒரு முனையை வைத்து, நடுவிரல் நுனி வரை இழுத்துப் பிடித்தார். “ஒரு மொழம்னு சொல்ல வேண்டியதுதானே டாக்டர்?”

முழம் என்பது பதினெட்டு அங்குலம்தான். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. 50 மீட்டர் டப்பா ஒன்றில் 111 முழம் இருக்கிறது. ஒருநாளுக்கு ஒரு முழம் என்றால் மூன்றரை மாதத்துக்கு மேல் வரும். ‘ரொம்பச் செலவு’ என்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அந்த அம்மா அதோடு விடவில்லை. நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று நான் தேடிக்கொண்டிருந்த வார்த்தையையும் அவரே கொடுத்தார்: “இழுத்தா காம்பு அறுந்துடும், விட்டா பூ கழண்டுடும். அந்தப் பதம்தானே?” அதேதான். என் நோயாளிகளில் மிகச் சீக்கிரமாக, மிகச் சுத்தமாக நூல் விடக் கற்றுக்கொண்டவர் அவர்தான். முதல் நாளே நாலு நிமிஷத்தில் மேல் வரிசை முழுவதையும் முடித்தார். ‘நம் ஆட்களுக்கு ஒத்துவராதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். பூக்கட்டுகிறவர்கள், தையல்காரர்கள், ஊசி மணி கோக்கிறவர்கள், புருவத்துக்கு த்ரெட்டிங் செய்கிற பெண்கள் எல்லாம் இருக்கிற ஊர் இது. நூலைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லித்தர என்ன இருக்கிறது? பல்லைப் பற்றிச் சொன்னால் போதும்.

சரி, நாளைக்குக் கிளினிக்கில் என்ன செய்வது? சேரில் படுக்க வைத்துச் சொல்லித் தராதீர்கள். எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடிந்தால் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நிற்க வையுங்கள், வீட்டில் அவர் நிற்கப் போவது அங்கேதான். வேலை தொடங்குவதற்கு முன்னால் இதைச் செய்வது இன்னும் நல்லது. தாடை ஓயவில்லை, மனசும் பஸ்ஸுக்குப் போகவில்லை. கூடவே, சுத்தம் செய்யாத பல்லில் நூலை விட்டால் அதில் ஒட்டிக்கொண்டு வருகிற வெள்ளை மாவை அவர் கண்ணால் பார்ப்பார். முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் மரியாதை பார்த்து அதைத் தவிர்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு தடவை முகர்ந்தவருக்கு நான் எந்தப் படமும் போட்டுக் காட்ட வேண்டியிருந்ததில்லை.

நூலின் பெரும்பகுதியை ஒரு கையின் நடுவிரலில் சுற்ற வேண்டும், மறு கையின் நடுவிரலில் இரண்டு மூன்று சுற்று. ஆள்காட்டி விரலில் சுற்றுகிறவர்கள்தான் அதிகம். அதைத் திருத்துங்கள், ஏனென்றால் ஆள்காட்டியும் கட்டைவிரலும் ஓட்டுநர்கள், அவற்றைக் கட்டிப் போடக் கூடாது. விரல் நீலமாகிற அளவுக்கு இறுக்கவும் வேண்டாம். மேல்பல்லுக்கு ஒரு கட்டைவிரலும் ஒரு ஆள்காட்டியும், கீழ்ப்பல்லுக்கு இரண்டு ஆள்காட்டியும். இரண்டு விரல் நுனிகளுக்கும் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் நூல் தெரிய வேண்டும். தப்புகளில் பெரியது இதுதான் என்பேன். நடுவில் நாலு அங்குலம் விட்டுப் பிடித்தால் கட்டுப்பாடு போய்விடும். பல்லும் பல்லும் தொடுகிற இறுக்கமான இடத்தைத் தாண்டிய உடனே நூல் ‘டக்’கென்று ஈறில் போய் அடிக்கும். முதல் நாளே அப்படி ஒரு அடி வாங்கியவர் இரண்டாம் நாள் டப்பாவைத் தொட மாட்டார்.

அந்தத் தொடுமிடத்தைத் தாண்டுவதற்கு மட்டும் லேசாக முன்னும் பின்னும் அசைக்கலாம். ரம்பத்துக்கு அனுமதி அந்த ஒரு நொடிதான். உள்ளே போனதும் அசைவை நிறுத்தி, நூலை ஒரு பல்லின் மேல் சாய்த்து வளைத்து அணைத்துக்கொள்ள வேண்டும். அப்படியே ஈறின் ஓரத்துக்குள் இறங்க வேண்டும். ஆரோக்கியமான ஈறிலும் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை ஒரு சின்ன மடிப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. ஈறு பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே அவர் நினைத்திருப்பார். சட்டைப்பை வாய் மாதிரி என்று சொல்லுங்கள். மெல்லத் தடுக்கிற இடத்தில் நின்று, அங்கிருந்து மேலும் கீழுமாக நாலைந்து தடவை வழிக்க வேண்டும். அப்புறம் நூலை வெளியே எடுக்காமலே, நடுவில் கூம்பு மாதிரி இருக்கிற ஈறுக்கு மேலே தூக்கி, அடுத்த பல்லின் மேல் சாய்க்க வேண்டும். ஒரு இடுக்கில் இரண்டு சுவர். ஒரு சுவரை மட்டும் வழித்துவிட்டு வந்துவிடுகிறவர்கள் ஏராளம். நானே ஆரம்பத்தில் என் வாயில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த இடுக்குக்குப் போகும்போது ஒரு விரலில் அவிழ்த்து மறு விரலில் சுற்றினால் புது நூல் வரும். கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்சுவரை மறந்துவிடாமல் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் பல் இல்லையே என்று விட்டுவிடுவார்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் எல்லாப் பல்லுக்கும் சொல்லித்தரப் போகாதீர்கள். ஞானப்பல் நீங்கலாக 28 பல் இருக்கிறவருக்கு 26 இடுக்கு. முதல் நாள் கற்றுக்கொள்கிறவருக்கு அது மலை. ஒரே ஒரு இடுக்கைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியில் நன்றாகத் தெரிகிற, ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கிற முன்பல் இடுக்காக இருக்கட்டும். முதலில் நீங்கள் அவர் வாயில் ஒரு தடவை மெதுவாகச் செய்யுங்கள், சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பது அவருடைய ஈறுக்குத் தெரியட்டும். பிறகு நூலை அவரிடம் கொடுத்துவிட்டு உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நிஜமாகவே கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பொறுக்காமல் நூலைப் பிடுங்கிவிடுவீர்கள். அவர் தடுமாறட்டும். வாயில் நாலு விரலை விட்டுக்கொண்டு எச்சில் வழிய ஒரு மனிதர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது நமக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் எல்லாம் நடக்கிறது. “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், “புரிஞ்சுது” என்றுதான் பதில் வரும். “வீட்டுல அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கணும்னா எப்படிச் சொல்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று கேளுங்கள். எந்த இடத்தில் கோட்டை விட்டீர்கள் என்பது அவர் வாயிலிருந்தே வந்துவிடும்.

முதல் வாரத்துக்கு அந்த ஒரு இடுக்கும் அதன் இரண்டு பக்கத்து இடுக்குகளும் மட்டும். போதும். பெரும்பாலானவர்கள் அதோடு நிற்க மாட்டார்கள். நாக்கு சும்மா இருக்காது. சுத்தமான இடுக்குக்கும் சுத்தமில்லாத இடுக்குக்கும் வித்தியாசத்தை அதுவே கண்டுபிடித்து நச்சரிக்கும்.

ரத்தத்தைப் பற்றி நீங்கள் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நூல் விட்டதும் ரத்தம் வந்தால் நோயாளி எடுக்கிற முடிவு, ‘நூல் குத்திவிட்டது, நிறுத்துவோம்’. ஏற்கெனவே வீங்கிய ஈறு என்பதால்தான் தொட்டதும் கசிகிறது. கையில் இருக்கிற பழைய சிராய்ப்பில் அழுக்கைக் கழுவினாலும் கொஞ்சம் கசியத்தானே செய்யும், அதற்காகக் கழுவாமல் விடுகிறோமா? 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்கிற ஈறு நோய் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கவும் இடுக்கைச் சுத்தம் செய்யவும் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. நாம் படித்த ஆய்வுதான், ஆனால் நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்: “இன்னிக்கு ரத்தம் வரும், நாளைக்கும் வரும். ஒழுங்கா வழிச்சீங்கன்னா பத்து நாளுக்குள்ள நிக்கும். ரெண்டு வாரம் கழிச்சும் நிக்கலைன்னா நூலை நிறுத்தாதீங்க, எங்கிட்ட வாங்க.” நாள் சொல்லிவிட்டால் பயம் போய்விடும், எண்ணிக்கொண்டிருப்பார்.

இன்னொரு பழி உங்களுக்கும் வந்திருக்கும்: ‘கிளீன் பண்ணினதும் இடுக்கு விழுந்துடுச்சு.’ பல்லில் இறுகிப் படிந்த அழுக்கான காரை அடைத்துக்கொண்டு, ஈறு உப்பிப்போய், இருந்த இடுக்கு மூடியிருந்தது. காரை போய் வீக்கமும் வடிந்ததும் அது வெளியே தெரிகிறது. நூலுக்குப் பல்லை நகர்த்துகிற சக்தியெல்லாம் இல்லை. இதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் சமாளிப்பு மாதிரி இருக்கும்.

இனி அந்த வாட்ஸ்அப் விவகாரம். அது முழுப் பொய் இல்லை. 2016 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், ஃப்ளாஸ் செய்வதற்கான ஆதாரங்கள் பலவீனமானவை என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று அந்த நிறுவனம் அமெரிக்க அரசிடம் முன்பே கேட்டிருந்தது. அதன் பிறகு வந்த அரசின் உணவு வழிகாட்டிப் புத்தகத்தில், முன்பு இருந்த ஃப்ளாஸ் பற்றிய வரி இல்லை. வழிகாட்டி சாப்பாட்டைப் பற்றியது, அதனால் விட்டோம் என்பது விளக்கம். ‘தேவையில்லை’ என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் கட்டுரை சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை நாம் மழுப்பக் கூடாது. 12 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பு, பிரஷோடு நூலும் விட்டால் ஈறு வீக்கம் குறைகிறது என்றது. அழுக்குப் படலம் குறைவதற்கான ஆதாரம் மிகவும் பலவீனம் என்றும் அதுவே சொன்னது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 2006இல் வந்த இன்னொரு தொகுப்பு. ஃப்ளாஸ் செய்தால் இடுக்கில் சொத்தை குறையுமா என்று பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், பள்ளி நடக்கிற ஒவ்வொரு நாளும், 1.7 ஆண்டுகளுக்குத் தங்கள் கையாலேயே குழந்தைகளுக்கு நூல் விட்ட இடத்தில் சொத்தை வரும் வாய்ப்பு 40 சதவீதம் குறைந்தது. பிள்ளைகளே செய்துகொண்ட இடத்தில் ஒரு பலனும் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிபுணர்கள் செய்துவிட்ட இடத்திலும் பலன் இல்லை. நூல் அதே நூல், பல்லும் அதே பல். பழகிய கையும் தினசரிப் பழக்கமும் சேர்ந்த இடத்தில் மட்டும் வேலை செய்திருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதிலே இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த மனிதர் மறுபடி வந்தால் செய்தியை மறுத்து வாதம் செய்யாதீர்கள். “தப்பா செஞ்சா பிரயோஜனம் இல்லைன்னுதான் அந்த ஆராய்ச்சி சொல்லுது, நீங்க எப்படிச் செய்றீங்க காட்டுங்க” என்று நூலைக் கையில் கொடுங்கள்.

ஒரு சுவாரசியமான விஷயம். பட்டு நூலால் பல் இடுக்கைச் சுத்தம் செய்யச் சொன்ன முன்னோடி லெவி ஸ்பியர் பார்ம்லி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இருந்த பல் மருத்துவர். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து அதே நியூ ஆர்லியன்ஸில், நைலான் ஃப்ளாஸை உருவாக்கி அதன் முறையையும் சொல்லித்தந்த சார்லஸ் பாஸ் பல் மருத்துவரே இல்லை. மலேரியாக் கிருமியை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டிய பொது மருத்துவர். பிரஷ் பிடிக்கிற ‘பாஸ் முறை’யை நாம் அவர் பெயரில்தான் பரீட்சையில் எழுதுகிறோம். வெளி ஆள் ஒருவர் வந்துதான் நம் தொழிலுக்குக் கை வேலை சொல்லிக்கொடுத்தார் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் முகம் கொஞ்சம் வாடும்.

இப்போது உங்களிடம் நான் சண்டை போடுகிற இடம். ‘எல்லோருக்கும்’ ஃப்ளாஸ் காட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் எல்லோருக்கும்? ஈறுக் கூம்பு இடுக்கை நிறைத்துக்கொண்டு, பற்கள் நெருக்கமாக இருக்கிறவர்களுக்குத்தான் நூல் சரியான கருவி. ஐம்பது வயதுக்கு மேல், ஈறு இறங்கி, இடுக்கில் முக்கோணமாக ஓட்டை தெரிகிறவருக்கு நூலைக் கொடுத்தால் அது அங்கே ஊஞ்சல் கட்டியது மாதிரி தொங்கும். வேர்ப் பகுதி வெளியே வந்துவிட்டால் அங்கே குழிவுகள் இருக்கும். மேல் முதல் முன்கடைவாய்ப்பல்லின் முன்பக்கக் குழிவு நமக்குத் தெரிந்ததுதானே. இழுத்துப் பிடித்த நூல் அந்தக் குழிவின் மேல் பாலம் போட்டுவிட்டுப் போய்விடும், உள்ளே இருக்கிற அழுக்கு அப்படியே இருக்கும். அவருக்கு வேண்டியது இடுக்குப் பிரஷ். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி இருப்பது. அதைப் பழகுவதும் சுலபம். எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று நீங்களே போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள், லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், திணிக்கக் கூடாது. உங்களிடம் ஆறு மாதம் கழித்து ரத்தத்தோடு வருகிறவர்களில் சிலர் தப்பாக நூல் விடாதவர்கள், தப்பான கருவியைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்கள்.

நூல் பிரிந்து பிரிந்து அறுகிறது என்று ஒருவர் சொன்னால், நூலை மாற்றச் சொல்வதற்கு முன்னால் அந்த இடுக்கை எக்ஸ்ரே எடுங்கள். சொத்தையோ, காரையோ, துருத்திக்கொண்டிருக்கிற ஃபில்லிங்கோ இருக்கலாம். எனக்கு ஒருமுறை அது நானே போட்ட ஃபில்லிங்காக இருந்தது. நோயாளி எதுவும் சொல்லவில்லை. நான்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். ‘தையல் நூல் போதாதா’ என்பார்கள். போதாது, முறுக்கேறிய நூல் ஈறை அறுக்கும், இடுக்கில் அறுந்து சிக்கிக்கொண்டால் இன்னும் தொல்லை. ஃப்ளாஸ் நூல் பல்லில் பட்டையாகப் படிகிறது. ஊக்கு, குண்டூசி, தென்னை ஈர்க்கு வைத்துக் குத்துகிற பழக்கம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த தடவை மறைப்பார்கள். தினமும் ஒரே இடத்தில் குத்துகிறவருக்கு அங்கே உணவு சிக்குவதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை. விரல் நடுங்குகிறவர்களுக்கு, மூட்டு வலிக்காரர்களுக்கு நூலை வளையமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் விரலில் சுற்றுகிற தொல்லை மிச்சம். வில் மாதிரிப் பிடி வைத்த ஃப்ளாஸை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதில் நூல் விறைப்பாக நிற்பதால் பல்லை அணைக்காது, ஒவ்வொரு சுவராகச் சாய்த்து வழிக்கச் சொல்லித் தரவேண்டும். விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து பிரிட்ஜ் போட்டவருக்கு முனை விறைப்பான நூல். சின்னக் குழந்தைக்குப் பல்லும் பல்லும் தொட ஆரம்பித்ததிலிருந்து அம்மாவோ அப்பாவோ விட்டுவிட வேண்டும், குழந்தையின் விரலை நம்ப முடியாது. பிரஷ்ஷுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் நான் முன்னால் என்பேன், ஆனால் அதற்காக யாரிடமும் மல்லுக்கு நிற்க மாட்டேன். இரவு சாப்பாட்டுக்குப் பின் டி.வி. பார்த்துக்கொண்டே செய்கிறேன் என்கிறாரா, செய்யட்டும், பழகின கைக்குக் கண்ணாடி வேண்டாம். சர்க்கரை நோயாளிகளை மட்டும் விடாதீர்கள். ஈறு வீக்கம் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை ஈறைக் கெடுக்கும். அவர்களுக்கு நான் இன்னும் அரை மணி கூட ஒதுக்குகிறேன்.

நேரம் ஏது என்று கேட்பீர்கள். ஒருவருக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகும். பிரசங்கத்துக்கும் அவ்வளவு நேரம்தானே ஆகிக்கொண்டிருந்தது? உங்கள் கிளினிக் அசிஸ்டன்ட் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர் சொன்னால் நோயாளிகள் கூச்சப்படாமல் சந்தேகம் கேட்கிறார்கள். நம்மிடம் கேட்காத கேள்வியெல்லாம் அவரிடம் வரும். ஆனால் அதற்கு முன்னால், டாக்டரம்மா, உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் தினமும் நூல் விடுகிறீர்களா? பல் மருத்துவராகிப் பல வருஷம் வரை நான் விட்டதில்லை. ஒரு மாதம் ஒழுங்காகச் செய்த பிறகுதான் இடதுபக்க மேல் கடைவாய்ப்பல்லில் விரல் எப்படி மடங்க மறுக்கிறது, கன்னத்தை எப்படி ஒதுக்குவது என்றெல்லாம் தெரிந்தது. வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகிக்கொள்ளும், பாதி மூடினால்தான் விரலுக்கு இடம் கிடைக்கும். இது எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசியாக, அந்த ஆறு மாதத்தை மாற்றுங்கள். தப்பாகக் கற்ற கை ஆறு மாதத்தில் அந்தத் தப்பிலேயே பழகிவிடும், இல்லையென்றால் அலுத்துப்போய் விட்டுவிடும். இரண்டு வாரத்தில் வரச் சொல்லுங்கள், அந்த வருகைக்குக் காசு வாங்காதீர்கள். சேரில் ஏற்ற வேண்டாம், மிரரைக்கூட எடுக்க வேண்டாம். வாஷ்பேசின் பக்கத்தில் டப்பாவை வைத்துவிட்டு, “எங்கே, ஒரு முழம் எடுங்க” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.